லிப்போசோம் தோலில் பட்டதும் என்ன நடக்கிறது? முதல் ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு

எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு தொடங்கும் சமயத்தில் வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் என்னைத் தேடி வருவார்கள். கிரீம், ஜெல் தயாரிக்கும் லேபில் வேலை பார்ப்பவன் என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: ஏதோ ஒரு மருந்து, அதை லிப்போசோமில், அதாவது கொழுப்புப் படலத்தால் ஆன, உள்ளே நீர் அடைபட்ட நுண்ணிய உருண்டையில் அடைத்துத் தோல் வழியாக உள்ளே அனுப்புவது. முதல் கேள்வியும் ஒன்றுதான். "அண்ணா, லிப்போசோம் தோலுக்குள்ள எவ்வளவு ஆழம் போகும்?"

இந்தக் கேள்வியோடு ஆரம்பித்தால் ப்ராஜெக்ட் பாதியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். பெரும்பாலான லிப்போசோம்கள் முழு உருண்டையாகத் தோலுக்குள் போவதே இல்லை. மேலே ஒட்டுகின்றன, உடைகின்றன, தம்மிடம் இருந்த கொழுப்பைத் தோலின் கொழுப்போடு கலந்துவிடுகின்றன. ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: நான் பூசுகிற கொழுப்பு, தோலில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்பை என்ன செய்கிறது? லிப்பிட்டை (கொழுப்பை) தேர்ந்தெடுப்பதிலிருந்து வைவா என்ற வாய்மொழித் தேர்வு வரைக்கும் எல்லா முடிவையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

முதல் படி: தோலின் கொழுப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

மருந்தை மறிப்பது தோலின் ஆக மேலே இருக்கும் மெல்லிய படலம். ஸ்ட்ராட்டம் கார்னியம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இனி கார்னியம் என்றே சொல்கிறேன். உள்ளங்கை, உள்ளங்காலை விட்டுவிட்டால் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். கெரட்டின் நிறைந்து, தட்டையாகிச் செத்துப்போன செல்கள் 15, 20 வரிசையாக அடுக்கியிருக்கும், இடுக்கெல்லாம் கொழுப்பு. செல்களைச் செங்கல்லாகவும் கொழுப்பைக் காரையாகவும் வைத்துப் பார்க்கச் சொன்னவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் பீட்டர் இலையஸ். ராயபுரத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். வீட்டுச் சுவரில் பலம் செங்கல்லில் இருக்கிறது. தோலில் தண்ணீரையும் மருந்தையும் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் காரைதான். மருந்துகள் பலவும் செல்களைத் துளைத்துக்கொண்டு போகாமல், அவற்றைச் சுற்றி வளைந்து நெளிந்து கொழுப்பின் வழியாகவே இறங்குகின்றன.

அந்தக் கொழுப்பில் எடைக் கணக்கில் ஏறத்தாழப் பாதி செராமைடு என்ற கொழுப்பு வகை, கால்வாசி கொலஸ்ட்ரால், 10 முதல் 15 சதவீதம் கொழுப்பு அமிலங்கள். மூலக்கூறு எண்ணிக்கையில் பார்த்தால் மூன்றும் கிட்டத்தட்டச் சமம். கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் 22, 24, 26 கார்பன் நீளமுள்ள நிறைவுற்ற சங்கிலிகள். நீளமும் நிறைவும் சேர்ந்தால் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், சுலபத்தில் உருகாது.

இன்னொன்றை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கார்னியத்தில் பாஸ்போலிப்பிட், அதாவது உயிருள்ள செல்களின் படலத்தில் இருக்கும் பாஸ்பேட் சேர்ந்த கொழுப்பு, கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கீழ் அடுக்குகளில் இருக்கிறது. செல் மேலே ஏறி வரும்போது கொழுப்புப் பொதிகள் செல்லுக்கு வெளியே கொட்டப்பட்டு, அங்கே இருக்கும் நொதிகள் பாஸ்போலிப்பிட்டை அறுத்துக் கொழுப்பு அமிலமாக்கிவிடும்; குளுகோசில்செராமைடும் ஸ்பிங்கோமயலினும் செராமைடாகிவிடும். நாம் லிப்போசோம் செய்வதோ பெரும்பாலும் பாஸ்போலிப்பிட்டில். அதாவது அந்த இடத்தில் இயல்பாக இல்லாத ஒரு கொழுப்பை மேலே கொண்டுபோய்ப் பூசுகிறோம். பிறகு நடக்கும் எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

அளவையும் மனதில் வையுங்கள். கார்னியத்தின் கொழுப்பு தகடு தகடாக அடுக்கியிருக்கிறது. ஓர் அடுக்கு வரிசை சுமார் 13 நானோமீட்டருக்கு ஒருமுறையும், இன்னொன்று சுமார் 6 நானோமீட்டருக்கு ஒருமுறையும் திரும்பத் திரும்ப வரும். நீங்கள் செய்யப்போகும் லிப்போசோம் 100 நானோமீட்டர். நசுங்காமல் கொள்ளாமல் அது இந்தத் தகடுகளுக்கு நடுவே எப்படிப் போகும்? விளம்பரத்தில் உருண்டை உருண்டையாக இறங்குகிற படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த இரண்டு எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: நடக்கக்கூடியது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இங்கிலாந்தில் பாப்ரஹாமில் இருந்த அலெக் பாங்கம் 1960களின் தொடக்கத்தில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் லெசித்தின் என்ற பாஸ்போலிப்பிட்டின் உருண்டைகளைப் பார்த்ததிலிருந்து லிப்போசோம் கதை தொடங்குகிறது. அதைத் தோலுக்குக் கொண்டுவந்தது 1980இல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மெசேய், குலசேகரம் இருவரின் கட்டுரை. ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை லிப்போசோமில் வைத்து முயல் தோலில் பூசினார்கள். சாதாரண லோஷனோடு ஒப்பிட்டால் மேல்தோலிலும் அடுத்த அடுக்கிலும் மருந்து பல மடங்கு கூடுதலாகச் சேர்ந்தது. ஆனால் உடம்புக்குள் போய்ச் சேர்ந்தது கூடவில்லை. மருந்து தோலிலேயே தங்குகிறது என்பதுதான் அந்த வேலையின் சாரம். பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு "ஆழமாகப் போகிறது" என்று குறிப்பெழுதிக்கொண்டு வருவார்கள். அங்கேதான் கோளாறு ஆரம்பம். 1986இல் டியோர் நிறுவனம் கேப்சர் என்ற கிரீமை இறக்கியபின் லிப்போசோம் அழகுசாதனக் கடைக்கு வந்துவிட்டது. இன்று பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஃபேன்சி ஸ்டோரில்கூட அந்தச் சொல் அச்சடித்த ட்யூப் தொங்குகிறது.

பூசியபின் நடக்கக்கூடியது நான்கு. முதலாவது, ஒட்டுதல்: லிப்போசோம் தோலின் மேல் படிந்து, விரிந்து, அடுக்கடுக்காக ஒரு பாஸ்போலிப்பிட் படலமாகிவிடும். நெதர்லாந்தின் லைடன் குழு உறையவைத்து உடைத்த தோலை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இந்த அடுக்குகளைக் காட்டியது. இரண்டாவது, கலத்தல்: அந்தப் படலத்திலிருந்து பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்னியக் கொழுப்புக்குள் நழுவி, நெருக்கமான அடுக்கைத் தளர்த்தும். மருந்துக்கு வழி கிடைப்பது பெரும்பாலும் இப்படித்தான். மூன்றாவது, மயிர்க்கால் வழி: மயிர்க்கால்கள் தோல் பரப்பில் மிகச் சிறிய பங்குதான் என்றாலும் சில நூறு நானோமீட்டர் அளவுத் துகள்கள் அங்கே சேர்ந்து நாள்கணக்கில் தங்கக்கூடும். முகம், தலை என்றால் இது கணக்கில் வரும். முன்கை என்றால் அவ்வளவு இல்லை.

நான்காவதுதான் சண்டைக்குரியது: முழு உருண்டையாக உள்ளே போதல். சாதாரண லிப்போசோமுக்கு இது நடப்பதாகச் சொல்ல ஆதாரம் மெலிவு. நுண்மையான ஒளிர்வு மைக்ரோஸ்கோப் ஆய்வுகள் பல, மேற்பரப்பிலேயே உடைந்துபோவதைத்தான் காட்டுகின்றன. வளைந்துகொடுக்கும் வகைகளின் கதை கொஞ்சம் வேறு. 1990களில் மியூனிக்கில் கிரெகர் செவ்ச் சோடியம் கோலேட் மாதிரி ஒரு சவர்க்காரப் பொருளைச் சேர்த்து ட்ரான்ஸ்ஃபர்சோம் என்று ஒன்றைச் செய்தார். காய்ந்த மேற்பரப்பிலிருந்து ஈரமான உள்பக்கத்தை நோக்கி அது இழுக்கப்படுகிறது என்பது அவர் வாதம். எத்தனால் 20 முதல் 45 சதவீதம் சேர்த்த எத்தோசோம் ஜெருசலேமில் எல்கா டூய்டூவின் வேலை. அதில் எத்தனாலே தோலின் கொழுப்பை இளக்கிவிடுகிறது. இரண்டிலும் உருண்டை முழுதாகப் போனதா, கூட இருந்த பொருள் வழியைத் திறந்துவிட்டதா என்று பிரித்துச் சொல்வது இன்றைக்கும் லேசில்லை. முதல் ப்ராஜெக்டில் அந்தச் சண்டைக்குள் தலையை விடாதீர்கள்.

மூன்றாம் படி: லிப்பிட்டை 32 டிகிரியை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

தோலின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 32 டிகிரி. ஒவ்வொரு பாஸ்போலிப்பிட்டுக்கும் கெட்டியான ஜெல் நிலையிலிருந்து இளகிய நிலைக்கு மாறும் ஒரு வெப்பநிலை உண்டு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி ப்ராஜெக்ட் முடிந்த மாதிரி.

லெசித்தினின் முக்கியப் பாஸ்போலிப்பிட்டுக்குப் பாஸ்பாட்டிடில்கோலின் என்று பெயர். சோயாவிலிருந்து எடுத்ததில் லினோலிக் அமிலம் அதிகம். பூஜ்ஜியத்துக்குக் கீழேயே இளகிவிடும். ஆகவே தோலில் எப்போதும் இளகிய நிலைதான். நன்றாகக் கலக்கும், தளர்த்தும். நிறைவுற்ற சங்கிலியுள்ள வகைகள் வேறு. அவற்றில் டி.பி.பி.சி. 41 டிகிரியில் இளகும். தோலில் அது கெட்டி. டி.எஸ்.பி.சி. 55 டிகிரி. ஹைட்ரஜன் ஏற்றிய சோயா லெசித்தின் 50ஐத் தாண்டும். இந்தக் கெட்டி வகைகள் மேலேயே படலமாக நிற்கும், தோலின் அடுக்கை அவ்வளவாகக் கலைக்காது. கொலஸ்ட்ரால் சேர்க்கச் சேர்க்க இளகிய படலம் இறுகும், அடைத்த மருந்து கசிவது குறையும். கூடவே தோலோடு கலப்பதும் குறையும். மருந்து உள்ளே போக வேண்டுமா, மேலே தங்க வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு லிப்பிட்டைத் தேடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சீனியர் மிச்சம் வைத்துவிட்டுப்போன லிப்பிட்டை எடுத்துக்கொண்டு பிறகு காரணம் தேடுகிறார்கள்.

அதே குடும்பத்தில் டி.எம்.பி.சி. என்று ஒன்று உண்டு, இளகுவது 23 டிகிரியில். நம் ஊரில் இதை வைத்து வேலை செய்வது ஒரு தமாஷ். ஏசி அறையில் வைத்தால் கெட்டி, வராந்தாவுக்குக் கொண்டுவந்தால் இளகல். அளந்த எண் அறைக்கு அறை மாறும். புதியவர்கள் தவிர்க்கலாம்.

வாங்குவது பற்றி. "கோவிந்தப்ப நாயக்கன் தெருவுலயே லெசித்தின் கெடைக்குதுண்ணா, எதுக்கு அவ்ளோ விலை குடுத்து கம்பெனில வாங்கணும்?" என்று கேட்காத பிள்ளை இல்லை. கடையில் கிடைப்பது உணவுக்கான லெசித்தின். தேன் நிறத்தில் பிசுபிசுவென்று ஒழுகும். டப்பாவைத் திறந்ததும் பச்சை எண்ணெய் வாடை வரும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய்தான். நமக்கு வேண்டிய பாஸ்பாட்டிடில்கோலின் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே பெரிய விஷயம். அதை நீரில் கலக்கினால் பால் மாதிரி வெள்ளையாக ஒன்று வரும். அது பெரும்பாலும் எமல்ஷன், அதாவது நீரில் சிதறிய எண்ணெய்த் துளி, லிப்போசோம் இல்லை. சாக்லேட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் அது சரி. உங்களுக்கு 90 சதவீதத்துக்கு மேல் சுத்தமான பாஸ்பாட்டிடில்கோலின் வேண்டும். பணம் போதவில்லை என்றால் அளவைக் குறைத்து வாங்குங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். பீக்கர், சால்வென்ட், பஃபர் உப்பு எல்லாம் பாரிமுனைப் பக்கமே வாங்கிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை.

வாங்கிய லிப்பிட்டைத் திறந்த கையோடு சின்னச் சின்னப் பாட்டிலில் பிரித்து, நைட்ரஜன் ஊதி மூடி, ஃப்ரீசரில் வையுங்கள். இரட்டைப் பிணைப்புள்ள சங்கிலி காற்றும் சூடும் பட்டால் ஆக்ஸிஜனேற்றம் அடையும். மஞ்சள் கூடிப்போய்ச் சிக்கு வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள். கெட்டுப்போன லிப்பிட் தானாகவே தோலை உறுத்தும், மருந்தின் கணக்கைக் குழப்பும்.

நான்காம் படி: செய்வது

மெல்லிய படல முறைதான் எல்லோரும் செய்வது, அதுவே போதும். லிப்பிட்டையும் கொலஸ்ட்ராலையும் குளோரோஃபார்மில் கரைத்து, உருண்டைக் குடுவையில் ஊற்றி, ரோட்டவேப்பில் (வெற்றிடத்தில் சுழற்றி ஆவியாக்கும் கருவி) சுழற்றினால் சுவரில் படலம் படியும். ஃப்யூம் ஹூட் இல்லாமல் குளோரோஃபார்மைத் திறக்காதீர்கள். இங்கே நம் ஊர்ப் பிரச்சினை ஒன்று வரும்: மே மாதத்தில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுவென்று இருக்கும், கண்டென்சர் குளிராது, ஆவி பம்ப்புக்குள் போய் பம்ப்பைக் கெடுக்கும். சில்லர் இல்லாத லேபில் பிள்ளைகள் காசிமேட்டிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி வந்து, சாக்கில் சுற்றி உடைத்து, பக்கெட்டில் போட்டு அந்த நீரைச் சின்ன மோட்டாரால் சுற்றவிடுவார்கள். படகுக்குப் போகிற ஐஸ்தான். கண்டென்சருக்கு அது தாராளம். உள்ளே எதிலும் கலக்கப்போவதில்லை.

படலம் மெல்லிசாக, பனிமூட்டம் போட்ட கண்ணாடி நிறத்தில், குடுவை முழுக்கச் சமமாக வர வேண்டும். அடியில் திட்டாகத் தேங்கினால் திரும்பக் கரைத்து ஓட்டுங்கள். பிறகு ராத்திரி முழுக்க வெற்றிடத்தில் வையுங்கள். மிச்சமிருக்கும் குளோரோஃபார்ம் தோலின் கொழுப்பையே கரைக்கும். அப்படி வரும் "நல்ல" ரிசல்ட்டில் சந்தோஷப்படாதீர்கள்.

நீரேற்றும்போது பஃபரும் குடுவையும் அந்த லிப்பிட் இளகும் வெப்பத்துக்கு மேலே இருக்க வேண்டும். டி.எஸ்.பி.சி. என்றால் 60 டிகிரிக்கு மேல், ஒரு மணி நேரம். பிறகு 100 நானோமீட்டர் துளையுள்ள பாலிகார்பனேட் தாள் வழியாக எக்ஸ்ட்ரூடரில் தள்ளுங்கள். 11, 13, 15 என்று ஒற்றைப்படையில் தள்ளினால் கடைசியில் எதிர்ப்பக்க ஊசியில் வந்து நிற்கும். துளைக்குள் நுழையாத பெரிய துகள் முதல் ஊசியிலேயே தங்கிவிடும். எக்ஸ்ட்ரூடர் இல்லை, ஒலியதிர்வால் உடைக்கும் ப்ரோப் சோனிகேட்டர்தான் இருக்கிறது என்றால் அதன் முனையிலிருந்து டைட்டானியம் துகள் உதிரும். சென்ட்ரிஃப்யூஜ் செய்து அடியில் சாம்பல் நிறமாகப் படிவதை நீக்குங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கறாராக இருங்கள். கடலோரம் நெடுக நம் போர்வெல் நீரின் உப்பும் கடினத்தன்மையும் எல்லோருக்கும் தெரிந்தது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீரே உள்ளே வந்துவிட்டது. கால்சியம் இருக்கும் நீரில் எதிர்மின்னேற்றமுள்ள லிப்போசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். பஃபருக்கு டபுள் டிஸ்டில்டு நீர் மட்டும். கண்ணாடிச் சாமானைக் கடைசியாக அலசுவதும் அதில்தான். உள்ளே இருக்கும் கரைசலும் வெளியே இருக்கும் கரைசலும் ஒரே ஆஸ்மோலாரிட்டியில் (கரைந்த பொருளின் மொத்தச் செறிவில்) இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே நீர்த்துப்போனால் உருண்டை ஊதி வெடிக்கும்.

ஐந்தாம் படி: தோலுக்குப் போகும் முன் டெஸ்ட் ட்யூபில் பாருங்கள்

சோதனைக்குத் தோல் வேண்டும் என்று பன்றிக் காதைத் தேடி ஓடும் முன் ஒரு மலிவான சோதனை. தோலின் கொழுப்பையே லிப்போசோமாகச் செய்ய முடியும். பிலிப் வெர்ட்ஸ் குழு 1986இல் காட்டிய கலவை எடையில் 40 பங்கு செராமைடு, 25 பங்கு கொலஸ்ட்ரால், 25 பங்கு பால்மிட்டிக் அமிலம், 10 பங்கு கொலஸ்ட்ரால் சல்ஃபேட். பாஸ்போலிப்பிட் ஒரு துளி கிடையாது, ஆனாலும் இரட்டைப் படலம் உருவாகிறது. 80 டிகிரிக்கு மேல் சூடாக்கி நீரேற்ற வேண்டும், அவ்வளவுதான் சிரமம்.

இந்தத் தோல்-லிப்போசோமுக்குள் கால்சீன் சாயத்தை அடர்த்தியாக அடையுங்கள். அடர்த்தியாக இருக்கும்வரை கால்சீன் தன் ஒளிர்வைத் தானே அணைத்துக்கொள்ளும். வெளியே கசிந்து நீர்த்தால் பச்சையாக ஒளிரும். வெளியில் மிச்சமிருக்கும் சாயத்தை, செஃபடெக்ஸ் ஜி-50 என்ற ஜெல் மணிகள் நிரப்பிய குழாயில் ஓட்டி நீக்கிவிடுங்கள். ஆரஞ்சுக் கலங்கலாக லிப்போசோம் முதலில் இறங்கும், பின்னால் தனிச் சாயப் பட்டை மெதுவாக வரும். இரண்டுக்கும் நடுவே தெளிந்த இடைவெளி கண்ணுக்கே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குழாய் சரியாக நிரப்பப்படவில்லை.

இப்போது இதோடு உங்கள் பாஸ்போலிப்பிட் லிப்போசோமைக் கலந்து, 32 டிகிரியில் வைத்து, நேரத்துக்கு நேரம் ஒளிர்வை அளங்கள். இளகிய சோயா வகையும் கெட்டியான டி.எஸ்.பி.சி. வகையும் தோலின் கொழுப்பை எவ்வளவு கலைக்கின்றன என்பது கசிவில் தெரியும். கடைசியில் ட்ரைட்டான் என்ற சவர்க்காரப் பொருளைப் போட்டு முழுவதையும் உடைத்து, அதை 100 சதவீதமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு கிராஃப் போதும், எந்த லிப்பிட்டோடு தோலுக்குப் போகலாம் என்று முடிவெடுக்க. உண்மையான தோலில் செல்களும் புரதமும் இருக்கின்றன, இது வெறும் கொழுப்பு. அதை ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஆறாம் படி: தோலில்

பன்றிக் காதுத் தோல் மனிதத் தோலுக்கு ஓரளவு நெருக்கம் என்பதால் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். எங்கிருந்து, எந்த அனுமதியோடு வாங்குவது என்பதைக் கல்லூரியின் நெறிக்குழுவிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கொதிநீரில் முக்கி மயிர் நீக்கிய காது உதவாது. அதில் கார்னியம் போயிருக்கும். வாங்கும்போதே சொல்லி வையுங்கள்.

மேல்தோலைப் பிரிக்க 60 டிகிரி நீரில் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். அதற்கு மேல் சூடு ஏற்றாதீர்கள். 65, 70 டிகிரிக்குப் போனால் கார்னியக் கொழுப்பின் தகடுகளே உருகத் தொடங்கும். பிறகு ட்ரிப்சின் என்ற புரதம் அறுக்கும் நொதியில் ஊறவைத்தால் கீழே உள்ள செல்கள் கரைந்து கார்னியம் மட்டும் மிஞ்சும். வெங்காயச் சருகைவிட மெல்லிசாக நீரில் மிதக்கும். ஃபோர்செப்ஸால் இழுக்காமல் ஃபில்டர் பேப்பரை அடியில் விட்டு ஏந்தி எடுங்கள்.

அடுக்கு கலைந்ததா என்பதை அகச்சிவப்பு நிறமாலையில் பார்க்கலாம். 2850 செ.மீ⁻¹ பக்கத்தில் வரும் உச்சி மேலே நகர்ந்தால் சங்கிலிகள் தளர்ந்துவிட்டன என்று அர்த்தம். 1463, 1473 என்று இரட்டை உச்சி இருந்தால் மிக நெருக்கமான ஆர்த்தோராம்பிக் அடுக்கு; இரண்டும் சேர்ந்து ஒன்றானால் சற்றுத் தளர்ந்த ஹெக்ஸகோனல். இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன. மனிதத் தோலிலேயே இந்த நெருக்கமான அடுக்கு 35 முதல் 40 டிகிரியில் தளர்ந்துவிடும். ஏசி இல்லாத லேபில் மே மாத மதியம் அளந்தால் நீங்கள் பார்ப்பது லிப்போசோமின் வேலையா, சென்னை வெயிலின் வேலையா? அளவுமேடையின் வெப்பத்தைக் கட்டுப்படுத்துங்கள், முடியாவிட்டால் விடியற்காலையில் அளங்கள். இரண்டாவது, பன்றியின் கார்னியம் சாதாரண வெப்பத்திலேயே பெரும்பாலும் ஹெக்ஸகோனல்தான். அதில் இரட்டை உச்சி தெரியவில்லை என்று லிப்போசோமின் மேல் பழி போடக்கூடாது. பூசாத தோலை எப்போதும் கூடவே அளங்கள். மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: உங்கள் லிப்போசோமுக்கும் அதே சங்கிலிதான், அதே உச்சிதான். மேலே ஒட்டியிருக்கும் சோயா லிப்பிட் இளகிய நிலையில் இருப்பதால் அதன் உச்சி இயல்பாகவே மேலே நிற்கும். இரண்டும் கூடி வரும் நகர்வை "தோல் தளர்ந்தது" என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர் ஒரே கேள்வியில் சாய்த்துவிடுவார். வசதி இருந்தால் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய லிப்பிட்டைப் பயன்படுத்துங்கள். அதன் உச்சி 2090 பக்கம் தனியாக வரும். வசதி இல்லையென்றால் மேற்பரப்பை டேப்பால் ஓரிரு முறை உரித்துவிட்டு அளந்து, அப்படிச் செய்ததையும் எழுதுங்கள்.

ஃப்ரான்ஸ் செல்லுக்கு வருவோம். நடுவே தோலை வைத்து, மேலே பூசிய மருந்து கீழே எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் கண்ணாடிக் கருவி அது. தோலின் மேற்பரப்பு 32 டிகிரி, கீழே பஃபர், 24 மணி நேரம். இதெல்லாம் உங்கள் கைடே சொல்லிக்கொடுப்பார். தோலுக்கு அடியில் காற்றுக் குமிழி தங்காமல் செல்லைச் சாய்த்து வெளியேற்றுங்கள், அவ்வளவுதான். நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒப்பீட்டுக் குழுக்களைப் பற்றி. பெரும்பாலான ரிப்போர்ட்டில் மருந்துக் கரைசல் ஒன்று, மருந்துள்ள லிப்போசோம் ஒன்று, இரண்டே குழு. லிப்போசோம் ஜெயித்தது, முடிந்தது. இதிலிருந்து எப்படி ஜெயித்தது என்று சொல்ல முடியாது. இன்னும் இரண்டு சேருங்கள். ஒன்றில் வெற்று லிப்போசோமும் மருந்துக் கரைசலும் அப்போதே கலந்து பூசப்பட வேண்டும். இன்னொன்றில் வெற்று லிப்போசோமை முதலில் பூசி, சில மணி நேரம் விட்டு, துடைத்துவிட்டு மருந்துக் கரைசலைப் பூச வேண்டும். கடைசிக் குழுவிலும் மருந்து கூடுதலாக இறங்கினால், லிப்பிட் தோலின் அடுக்கைத் தளர்த்தியிருக்கிறது. அடைத்து வைத்ததால் வந்த லாபம் இல்லை. அடைத்த மருந்து மட்டும் ஜெயித்தால்தான் சுமந்துபோனது என்ற பேச்சுக்கே இடம். நான்கு குழுவுக்கு இரண்டு மடங்கு காது வேண்டும், வேலை கூடும் என்று முனகுவார்கள். குழுவைக் கூட்டுங்கள், மருந்துகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

வளைந்துகொடுக்கும் வகையைச் சோதித்தால் செல்லின் வாயைப் பாராஃபிலிமால் மூடக்கூடாது. மேற்பரப்பு காய்ந்து, உள்ளே ஈரமாக இருக்கும் வேறுபாடுதான் அவற்றை இழுக்கும் விசை என்கிறார்கள். மூடினால் அந்த வேறுபாடு போய்விடும். நம் கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் 70, 80 சதவீதம் சர்வசாதாரணம். மூடாவிட்டாலும் பாதி மூடிய கதைதான். அன்றைய ஈரப்பதத்தைக் குறித்து வையுங்கள், வேறு ஊர்க் கட்டுரையோடு ஒப்பிடும்போது தேவைப்படும்.

முடிந்தபின் டேப் உரித்தல், அதாவது டேப்பை ஒட்டி எடுத்துக் கார்னியத்தை அடுக்கடுக்காக உரிப்பது. 15, 20 டேப் போதும். முதல் ஒன்றிரண்டு டேப்பில் வருவது உள்ளே போகாமல் மேலேயே தங்கிய மருந்து. அதைக் கார்னியக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஏழாம் படி: கிரீமில் போடுவதென்றால்

சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கமான எண்ணெய்-நீர் கிரீமில் இருக்கும் எமல்சிஃபயர்கள் லிப்போசோமைக் கரைத்துவிடும். பாலிசார்பேட், சோடியம் லாரில் சல்ஃபேட் இரண்டும் குறிப்பாக. கார்போமர் ஜெல் நல்லது. ஆனால் உப்பு பட்டால் கார்போமர் இளகிவிடும். வியர்வையில் இருப்பதும் உப்புதான், பஃபரில் இருப்பதும் உப்புதான். கலந்தபின் ஒரு சொட்டு ஜெல்லை நீர்த்துத் துகள் அளவை மறுபடி பாருங்கள். முன்பு 100 இருந்தது இப்போதும் 100 பக்கம் இருக்கிறதா? லிப்போசோம் கிரீம் என்று விற்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த ஒரு அளவைத்தான். பதில் வருவது அபூர்வம்.

நல்ல தோலில் கிடைத்த முடிவைக் கெட்ட தோலுக்கு நீட்டாதீர்கள். காசிமேட்டில் விடியற்காலையிலிருந்து ஐஸிலும் உப்புநீரிலும் கைவைத்து மீன் வெட்டும் அக்காக்களின் விரல்களைப் பாருங்கள். வெடித்து, வெளுத்து, தோல் உரிந்திருக்கும். அங்கே கார்னியக் கொழுப்பே குறைந்துபோயிருக்கும். எக்ஸிமாத் தோலில் நீளமான செராமைடுகள் குறைந்து, அடுக்கு ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அந்தத் தோலில் இளகிய லிப்போசோம் மேலும் தளர்த்தினால் மருந்தோடு சேர்ந்து உறுத்தும் பொருளும் இறங்கும். அவர்களுக்குக் கெட்டி வகையோ, செராமைடு கலந்ததோ பொருத்தமாக இருக்கலாம். அது தனி ப்ராஜெக்ட், மருத்துவர் துணையோடு செய்ய வேண்டியது.

எட்டாம் படி: படமும் வைவாவும்

கடைசியில் எல்லோரும் ஆசைப்படுவது கன்ஃபோகல் படம், அதாவது லேசர் மைக்ரோஸ்கோப்பில் ஆழம் ஆழமாக எடுக்கும் ஒளிர்வுப் படம். சாயம் 40 மைக்ரோமீட்டர் ஆழத்தில் ஒளிர்கிறது, அம்புக்குறி போட்டு "லிப்போசோம்" என்று எழுதுவார்கள். ஒளிர்வது சாயம். அது லிப்போசோமிலிருந்து கசிந்து தனியாக இறங்கியிருக்கலாம். ஆகவே இரண்டு சாயம் போடுங்கள்: படலத்தில் பிணைந்த சிவப்பு ஒன்று, உள்நீரில் கரைந்த பச்சை ஒன்று. மேலே இரண்டும் சேர்ந்து தெரிந்து, கீழே போகப்போகப் பச்சை மட்டும் மிஞ்சினால் உருண்டை மேலேயே உடைந்திருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் தெரிந்தாலும், இரண்டும் தனித்தனியாக அங்கே வந்திருக்கலாம் என்ற வாய்ப்பு மிச்சம் இருக்கும்.

வைவாவில் "முழுதாகப் போனதா?" என்று எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) கேட்டால் நான்கு குழுவின் கிராஃபைத் திறந்து வைத்து, "வெற்று லிப்போசோம் முன்பூச்சிலும் மருந்து கூடியது சார், ஆகவே கொழுப்பு கலந்து அடுக்கு தளர்ந்ததுதான் முக்கியக் காரணம் என்று சொல்லலாம், முழுதாகப் போனதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை" என்று சொல்லுங்கள். கன்ஃபோகல் படத்தைப் போடுவதென்றால், தனிச் சாயக் கரைசலை மட்டும் பூசிய தோலின் படத்தையும் அதே லேசர் அளவில் எடுத்துப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அது இல்லையென்றால் முதல் கை அங்கேதான் விழும்.